மூத்தார் கையில் இருந்த மைக்

எங்கள் ஊர் உப்பளத்தில் ஒரு செடி கிடையாது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள், "ஆகா, எவ்வளவு வெளி, எவ்வளவு வெளிச்சம்" என்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை ஓரம் கட்டிவிட்டு, வெள்ளை வெளேரென்று குவிந்திருக்கும் உப்பு அம்பாரத்தின் முன்னால் நின்று போட்டோ பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் பாத்தி, வரப்பு, தண்ணீர், உப்பு. முழங்கால் உயரத்துக்கு ஒரு மறைவு இல்லை. அந்த வெளியில் வேலை செய்கிற பொம்பளை ஒண்ணுக்கு வந்தால் எங்கே போய் உட்காருவாள் என்று அவர்களில் ஒருத்தராவது யோசித்திருப்பார்களா?

ஆம்பளைகளுக்குக் கவலை இல்லை. திரும்பி நின்றால் தீர்ந்தது. நாங்கள் விடிவதற்கு முன்னால் ஊருக்குப் பின்னாலிருக்கும் கருவேல முள்ளுக்குள் போய்விட்டு வந்தால் வந்ததுதான். அதற்குப் பிறகு பாத்தியில் உப்பு வாரி, கூடையில் சுமந்து, கரையில் கொட்டி, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் வீடு திரும்பும் வரை அடக்கிக்கொள்ள வேண்டும். அடக்குவதற்கு ஒரே வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. கரையில் மேஸ்திரி ஒரு பானையில் தண்ணீர் வைத்திருப்பார். நாங்கள் வாயைக் கொப்புளித்துத் துப்பிவிட்டுப் போவோம். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து வேலைக்கு இறங்கிய முதல் நாள் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது.

சுனாமி வந்ததற்கு முந்தின கோடையில் நான் முதல் தடவையாக முழுகாமல் இருந்தேன். ஆறாம் மாதத்தில் எரிச்சல் ஆரம்பித்தது. ஒண்ணுக்குப் போனால் மிளகாய்ப் பொடி தடவியது போல எரியும். போய்விட்டு எழுந்தால் திரும்பவும் வருகிற மாதிரி இருக்கும். உட்கார்ந்தால் சொட்டு விழும், உயிர் போகும். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"சூடுதான். மோர் குடி" என்றார்.

மாமியாரிடம் சொன்னேன்.

"உப்பளத்துல வேல செய்யறவளுக்குச் சூடு புடிக்காம இன்னா பண்ணும்? நாங்கல்லாம் சுமந்து பெத்துக்கல? ஊர்ல இல்லாத அதிசயமா?" என்று கேட்டுவிட்டு, என் கால் கட்டைவிரலில் விளக்கெண்ணெய் தடவிவிட்டார். கெட்ட மனுஷி இல்லை. அவருக்குத் தெரிந்தது அதுதான். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார், இளநீர் வாங்கிவரச் சொன்னார். எரிச்சல் குறைவது போலக் குறைந்து, திரும்ப வந்தது.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் உச்சி வெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது. பல் கிட்டித்துக்கொண்டது. இடுப்புக்குப் பின்னால், விலாவுக்குக் கீழே, கடப்பாறையால் நெம்புகிற மாதிரி வலி. காய்ச்சல் விடவே இல்லை. அந்தக் காய்ச்சலோடு காய்ச்சலாக வலி கண்டு பிள்ளை பிறந்துவிட்டது. பையன். அழவில்லை. என் மாமியார் அவனைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு பழைய வேட்டியில் சுற்றி வெளியே கொண்டுபோய்விட்டார்கள். முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்க விடவில்லை.

காற்று கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். உச்சிப்பொழுதில் வரப்பு மேல் தனியாக நடந்தாள், அதனால்தான் என்றார்கள். மாமியார் என்னை ஒரு பூசாரியிடம் கூட்டிக்கொண்டுபோய்த் தாயத்துக் கட்டவைத்தார். அந்தத் தாயத்தோடு நானும் அதை நம்பிக்கொண்டுதான் திரிந்தேன். எரிச்சலுக்கும் பிள்ளை போனதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

பிறகு சுனாமி வந்தது. கடலோரக் குப்பத்துக்காரர்கள் உயிர்களை வாரிக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் உள்ளே தள்ளி இருந்ததால் பாத்திகளில் சேறு ஏறியதோடு தப்பித்தோம். அதற்கடுத்த வருஷம் முழுக்க ஜீப் ஜீப்பாக ஆட்கள் வந்து ஒவ்வொரு ஊருக்கும் ஏதாவது கொடுத்துவிட்டுப் போனார்கள். குப்பங்களுக்குப் படகும் வலையும் வந்தன. எங்கள் ஊருக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது.

பஞ்சாயத்து டிவி வைத்திருந்த பழைய அறையை வெள்ளையடித்து, கூரைமேல் குடையைக் கவிழ்த்த மாதிரி ஒரு டிஷ்ஷை வைத்து, உள்ளே கம்ப்யூட்டரை வைத்தார்கள். அதன் தலையில் ஒரு குட்டிக் கேமரா. வாசலில் பெரிய போர்டு: "மகளிர் மற்றும் குடும்ப நலத் தொலைமருத்துவச் சேவை." ஊரில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் டாக்டர் என்றுதான் பெயர். புதன்கிழமை தோறும் சென்னையிலிருந்து ஒரு லேடி டாக்டர் திரையில் வருவார். இங்கே ஸ்டூலில் உட்கார்ந்து நம் குறையைச் சொல்லலாம். அவர் மருந்து சொல்வார். பொம்பளைகள் பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் கால் கடுக்க நின்று அல்லாட வேண்டாம் என்று திறப்பு விழாவில் பேசினார்கள். நாங்களும் கை தட்டினோம்.

முதலில் எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குத்தான் புதுச்சேரியில் பயிற்சி கொடுத்து அதை ஓட்டச் சொன்னார்கள். அவள் இருந்தவரை நன்றாகத்தான் நடந்தது. தை மாதம் அவளைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ப்ளஸ் டூ படித்த வேறு ஆள் யார் என்று தேடினார்கள். கிடைத்தவர் என் மூத்தார்.

மூத்தார் என்றால் வீட்டுக்காரரின் அண்ணன். தங்கமான மனுஷர், அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் மூத்தாருக்கு முன்னால் தம்பி பொண்டாட்டி நிற்கக்கூடாது, நேருக்கு நேர் பேசக்கூடாது. ஒரே வாசல், ஒரே கிணறு, வருஷக்கணக்காக ஒரே வீட்டுச் சோறு. ஆனாலும் நானும் அவரும் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. எனக்கு அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், "சாப்பாடு ஆயிட்டுதுன்னு சொல்லுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். அவர், "கொஞ்ச நேரம் ஆவட்டும்னு சொல்லு" என்று தென்னைமரத்தைப் பார்த்துச் சொல்வார். நடுவில் ஆளே இருக்காது. சுவரும் மரமும் எங்களுக்குத் தூது போயின. அவர் வாசலில் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். அது மரியாதை.

அப்படிப்பட்ட மனுஷர் கையில்தான் கம்ப்யூட்டர் டாக்டரின் மைக் போய்ச் சேர்ந்தது.

மறுபடி நான் முழுகாமல் இருந்தது அந்தச் சமயத்தில்தான். ஐந்தாம் மாதம் நடக்கும்போது, உப்பளம் முழு வேகத்தில் ஓடும் பங்குனி வெயிலில், எரிச்சல் வந்தது. இதற்கும் போன பிள்ளைக்கும் சம்பந்தம் என்னவென்று தெரியாது. ஆனால் இந்த வழியில் ஒருமுறை நடந்திருக்கிறேன், இது எங்கே போய் முடிந்தது என்று தெரியும். உள்ளே பிள்ளை அசையும்போதெல்லாம் மற்றவர்களுக்குச் சந்தோஷம் வருமாம். எனக்குப் பயம்தான் வந்தது. இருக்கிறாயா, இருந்துகொண்டே இரு என்று வயிற்றைப் பிடித்துக்கொள்வேன்.

ஊருக்கு வருகிற நர்ஸம்மா நாங்கள் பாத்தியில் நிற்கும் நேரத்தில் வந்து, சத்து மாத்திரையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மரக்காணம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "எரியுதுன்றதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? நம்ம தெருவிலயே டாக்டர வச்சிகினு இன்னாத்துக்கு அலையணும்? புதன்கிழமை கூட்டிகினு போறேன்" என்றார் மாமியார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

அந்த அறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கதவைச் சாத்தக்கூடாது, ஏனென்றால் உள்ளே ஆம்பளை இருக்கிறார். கதவு திறந்திருந்தால் ஊர் வந்து நிற்கும். ஜன்னல் கம்பிக்குக் கம்பி ஒரு முகம். டிவி இருந்த அறை என்பதால் பழக்கதோஷத்தில் சினிமா பார்ப்பதைப் போல வந்து நின்று பார்ப்பார்கள். டாக்டரின் குரல் பெரிய ஸ்பீக்கரில் தெரு வரைக்கும் கேட்கும். காதில் மாட்டும் ஹெட்போன் ஒன்று இருந்தது. அது மூத்தார் காதில்தான் இருக்கும். மைக்கும் ஒன்றுதான், அதுவும் அவர் கையில். நோயாளி தன் குறையை அவரிடம் சொல்ல வேண்டும், அவர் அதை மைக்கில் சொல்வார். மெஷினைப் பொம்பளைகள் தொட்டால் ரிப்பேராகிவிடும் என்று ஒரு பயம்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். மூத்தாருக்கு எதிரில் உட்கார்ந்ததே அதுதான் முதல் தடவை. அவரும் பாவம், கீபோர்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் மாமியார் காதில் சொன்னேன்: "ஒண்ணுக்குப் போனா எரியுது, சொட்டு சொட்டா வருது, போன தடவை மாதிரியே இருக்குதுன்னு சொல்லுங்க அத்த."

பெற்ற பிள்ளையாக இருந்தாலும் வளர்ந்த ஆம்பளை. ஜன்னலில் ஊரே நிற்கிறது. மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டேய், அவளுக்கு அடிவயித்துல சூடாம்டா" என்றார்.

தம்பி பொண்டாட்டியின் அடிவயிற்றை மூத்தார் எப்படி மைக்கில் சொல்வார்? அவருக்கு வியர்த்துவிட்டது. "டாக்டர், பேஷண்டுக்கு உடம்பு சூடா இருக்குதாம்" என்றார்.

சென்னையில் அந்த அம்மா தலையாட்டினார். படம் விட்டு விட்டு வந்தது. "எத்தனை நாளா காய்ச்சல்?"

நான் பதறிப்போனேன். காய்ச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை என்று மாமியார் கையைப் பிடித்து அமுக்கினேன். "ரொம்ப நாளாவே இருக்குதுடா, சொல்லு" என்றார் அவர்.

"ரொம்ப நாளா இருக்குதாம் டாக்டர்."

"தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க."

மூத்தார் தெர்மாமீட்டரை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வாசல் பக்கம் போய்த் திரும்பி நின்றார். மாமியார் அதை எடுத்து என் வாயில் வைத்தார். பார்த்தால் நார்மல். நார்மலாகத்தானே இருக்கும். டாக்டர் சிரித்தார். "வெயில்ல வேலை செய்யறாங்க இல்லையா, அதான். நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க. காய்ச்சல் அடிச்சா மட்டும் இந்த மாத்திரை." பிறகு, நல்ல டாக்டர் அவர், கேமராவுக்குக் கிட்டே வந்து என்னைப் பார்த்தே கேட்டார். "வேற ஏதாவது இருக்காம்மா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

என் வாய் முழுக்க வார்த்தை இருந்தது. ஜன்னலில் என் வீட்டுக்காரரின் சித்தப்பா கையில் பீடியோடு நின்றிருந்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சண்டை போட்டேன். "நான் சொன்னது ஒண்ணு, நீங்க சொன்னது ஒண்ணு. உங்களுக்குச் சொல்ல வாய் வரலைன்னா எதுக்குக் கூட்டிகினு போனீங்க?"

"இன்னாடி சொல்லச் சொல்ற? அத்தினி பேர் நடுவுல, பெத்த புள்ளகிட்ட, ஒண்ணுக்கு கிண்ணுக்குன்னு பேசச் சொல்றியா? உனக்கு மானம் இல்லன்னா எனக்குமா இல்ல?"

ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரரைப் பிடித்தேன். "உங்க அண்ணங்கிட்ட நீங்களாவது விஷயத்த வெளங்கச் சொல்லுங்க. நான் இல்லாதப்போ அவரு டாக்டர்கிட்ட சொல்லட்டும்."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. "நானா? அண்ணங்கிட்டப் போயி எம் பொண்டாட்டிக்கு... போடி, வேற வேல இல்ல உனக்கு."

"அப்போ எப்படித்தான் சொல்றது? எழுதிக் குடுத்தாலும் அவருதானே படிச்சுச் சொல்லணும்?"

"சூடுதான்டி. சரியாப்பூடும்."

எனக்கு அழுகையாக வந்தது, ஆத்திரமாகவும் வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடைத்திருந்தது. பாத்திக்குப் போனால் வேலை முடியும் வரை அடக்க வேண்டும், வீட்டுக்கு வந்தால் சொல்லக்கூடாது, டாக்டர் தெருவுக்கே வந்திருக்கிறார், அவரிடமும் வாயைத் திறக்கக்கூடாது. யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. எல்லாரும் நல்லவர்கள். அதுதான் இன்னும் மூச்சு முட்டியது. ஒருத்தராவது கொடுமைக்காரராக இருந்திருந்தால் சபித்துவிட்டாவது இருந்திருப்பேன்.

பாத்தியில் ஒருநாள் கூடையைத் தூக்கும்போது பின்னிடுப்பில் அந்த வலி குத்தியது. அதே இடம். மறுநாள் விடியலில் முள்ளுக்குள் போனபோது, வெளிச்சம் சரியாக வராத நேரத்திலும், மண்ணில் விழுந்தது சிவப்பாகத் தெரிந்தது. எழுந்திருக்க முடியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறும்போது லேசாகக் குளிர் எடுக்க ஆரம்பித்தது. அன்றைக்குப் புதன்கிழமை. கூடையைக் கரையில் போட்டுவிட்டு, மேஸ்திரி கத்தக் கத்த, ஊரைப் பார்த்து நடந்தேன்.

கம்ப்யூட்டர் அறையில் அன்றைக்கும் கூட்டம். என் மாமியார் தன் முழங்கால் வலிக்காக முன்னாடியே வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே நுழைந்ததைப் பார்த்து, "வேலைய வுட்டுட்டு இங்க இன்னாடி பண்ற?" என்றார். ஸ்டூலில் இருந்தவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். திரையில் டாக்டர் யாரிடமோ திரும்பிப் பேசிக்கொண்டிருந்தார். மூத்தார் மைக்கை வைத்துக்கொண்டு என் மாமியாரைப் பார்த்தார், என்னவாம் என்று கேட்கிற மாதிரி.

நான் மைக்கைப் பிடுங்கினேன். அவர் கையிலிருந்தே பிடுங்கினேன். என் விரல் அவர் விரலில் பட்டிருக்கும். அவர் நெருப்பு பட்டது போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"டாக்டர், எனக்குக் காய்ச்சல் இல்ல. ஒண்ணுக்குப் போனா எரியுது. ரத்தமா போவுது. முதுகு வலிக்குது. இப்படித்தான் போன கொழந்த செத்துச்சு."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. கத்தியிருப்பேன். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். டாக்டர் வாயைப் பாதி திறந்தபடி அப்படியே இருந்தார். கண்ணிமைகூட அசையவில்லை. அவர் தலைக்கு மேலே இருந்த ஃபேன் நின்றிருந்தது. லைன் கட்டாகிவிட்டிருந்தது.

என் விஷயம் கேட்க வேண்டிய ஒருத்தருக்குக் கேட்கவில்லை. கேட்கக்கூடாத எல்லாருக்கும் கேட்டுவிட்டது. மூத்தார் நாற்காலியோடு சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவருடைய காது மடல் சிவந்து கிடந்தது. ஜன்னலில் இருந்த ஆம்பளைகள் ஒவ்வொருத்தராக நகர்ந்தார்கள். ஒரு பையன் சிரித்தான், யாரோ அவன் மண்டையில் ஒன்று வைத்தார்கள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "மானம் போச்சே, மானம் போச்சே" என்று முனகிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே மண் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. எழுந்தால் திரும்ப வர மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்பீக்கர் கரகரத்தது. "ஹலோ, ஹலோ, கேக்குதுங்களா? லைன் கட்டாயிடுச்சு. என்னம்மா சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க."

திரும்பச் சொன்னேன். முதல் தடவை கத்தினேன், இரண்டாம் தடவை சாதாரணமாகத்தான் சொன்னேன். போன மானத்தை எப்படித் திரும்பப் போக்குவது? எரிச்சல் எப்போது ஆரம்பித்தது, ரத்தம் எப்படி வந்தது, குளிர் எடுத்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

டாக்டர் கேமராவை நோக்கிக் குனிந்தார். "போன கர்ப்பத்துலயும் இந்த எரிச்சல் இருந்துச்சா?"

"இருந்துது டாக்டர்."

"இதே மாதிரி? அப்புறம் குளிர், காய்ச்சல், அதுக்கப்புறம் வலி?"

"ஆமாங்க."

"அப்போ யாருக்காவது காமிச்சீங்களா? மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க. சூடுன்னு மோர் குடிச்சேன்."

திரும்பவும் லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பிறகு சொன்னார்: "சூடு இல்லம்மா இது. கிருமி. மூத்திரப்பையில ஆரம்பிச்சு கிட்னிக்கு ஏறும். அடக்கி அடக்கி வச்சா, தண்ணி குடிக்காம இருந்தா வரும். கொழந்தையை பாதிக்கும். பயப்படாதீங்க, மருந்து இருக்கு. ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டா போயிடும். ஆனா இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி டெஸ்ட் பண்ணணும். இன்னைக்கே."

ஒரு வாரம் மாத்திரை. அதை நான் இரண்டு மூன்று தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்ததுண்டு.

"அப்பவே சொல்லி, மாத்திர சாப்ட்டிருந்தா எம் பையன் பொழச்சிருப்பானா டாக்டர்?"

"அதையெல்லாம் இப்ப யோசிக்காதீங்கம்மா" என்றார் அவர், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

அந்த அறையில் அதற்கு அர்த்தம் தெரியாதவர்கள் யாரும் இல்லை. என் மாமியாரின் முனகல் நின்றுவிட்டது. வரிசை பெஞ்சில் இருந்தவர் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டின கைகள். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அந்த நேரத்தில் எல்லார்மேலும் வந்தது. மோர் குடிக்கச் சொன்னவர்மேல், எண்ணெய் தடவியவர்மேல், தாயத்துக் கட்டினவன்மேல், ஒரு மறைப்புக்கூடக் கட்டித் தராத உப்பள முதலாளிமேல். ஒரு வாரத்து மாத்திரைக்கு என் பிள்ளை போயிருக்கிறான், அதற்கு இந்த ஊர் காற்று என்றும் கருப்பு என்றும் பெயர் வைத்திருக்கிறது. வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு டாக்டரிடம் மருந்து கேட்க முடியாது.

டாக்டர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். "தண்ணி நிறைய குடிக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போயிடணும். அடக்கவே கூடாது, என்ன?"

ஜன்னலுக்கு வெளியே ஆம்பளைகள் விலகின இடத்தில் என்னோடு உப்பு வாருகிற பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி கம்பி வழியாகக் குரல் கொடுத்தாள்: "எங்க போறது டாக்டரம்மா?"

"ஏன், வேலை செய்யற இடத்துல பாத்ரூம் இல்லையா?"

அதற்கு ஒரு சிரிப்பு எழுந்தது. டாக்டருக்கு அது விளங்கியிருக்காது. எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையோடு கலந்து வந்தது.

மூத்தார் சுவரைப் பார்த்தபடியே எழுந்தார். "வண்டி இருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா" என்றார். சுவரிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார், முகத்தை மட்டும் திருப்பவில்லை. ஆனால் மூத்தார் வண்டியில் தம்பி பொண்டாட்டி பின்னால் உட்கார்ந்து போக முடியுமா? அதனால் அவர் தன் டிவிஎஸ் வண்டியை உதைத்துக்கொண்டு நேராக உப்பளத்துக்குப் போய், வண்டியை அங்கே வேலையில் இருந்த தம்பி கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, தம்பி விட்ட உப்பு வாருகிற பலகையைத் தான் பிடித்துக்கொண்டாராம். ஏழெட்டு வருஷமாகப் பாத்தியில் கால் வைக்காதவர். கால் இரண்டும் வெடித்துப்போய் ராத்திரி வந்தார். அந்த மனுஷரை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அடுத்த புதன்கிழமை பெண்கள் கூட்டம் தெரு முனை வரை நின்றது. எல்லாருக்கும் அதே எரிச்சல். இத்தனை பேருக்கு இருந்திருக்கிறது, ஒருத்திகூட ஒருத்தியிடம் சொன்னதில்லை. அதைப் பார்த்துவிட்டு ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பொம்பளைகள் சமாச்சாரம் தெருவில் கேட்கிறது, அசிங்கமாக இருக்கிறது என்றார்கள். ஸ்பீக்கரைக் குறைக்கலாமே, ஒரு பெண்ணை உட்கார வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. இனிமேல் பொம்பளைகள் வீட்டு ஆம்பளையோடுதான் வர வேண்டும், அவர்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வரிசை அன்றோடு கரைந்துவிட்டது. கொஞ்ச நாளில் அதில் பரீட்சை ரிசல்ட் மட்டும்தான் பார்த்தார்கள்.

ஆவணியில் எனக்குப் பெண் பிறந்தாள். பிறந்ததும் ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு என் மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் விழுந்து விழுந்து அழுதாராம். ஆனால் அவள் பிறந்தது தானாக நடந்துவிடவில்லை. அதற்கு முன்னால் நடந்த ஒரு நாளைச் சொல்லாவிட்டால் இதைச் சொன்னதே வீண்.

மாத்திரை பாதி தீர்ந்ததும் நான் வேலைக்குத் திரும்பினேன். வீட்டில் உட்கார்ந்திருக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கரைக்குப் போனதும் பானையிலிருந்து மொண்டு, எல்லாரும் பார்க்க, வயிறு முட்டக் குடித்தேன். வெயில் ஏறும்போது வந்துவிட்டது. கொஞ்ச நேரம் பழக்கத்தில் கால்களை இறுக்கிக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் உதைத்தாள்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு வரப்பின் கடைசிக்கு நடந்தேன். அங்கேயும் மறைவு இல்லை. எதிரில் ரோடு.

"ஏய், இன்னாடி பண்ற? பஸ்ஸு வருதுடி!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

"வரட்டும்" என்றேன்.

புடவையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ் மெதுவானது. டிரைவர் ஹார்ன் அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். ஜன்னலில் முகங்கள் திரும்பின. உடம்பெல்லாம் கூசியது. இந்த நாய்ப் பிழைப்புக்கு என்னைப் பெற்றாயே அம்மா என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதேன். ஆனால் பாதியில் எழுந்திருக்கவில்லை. முழுசாகப் போய்விட்டுத்தான் எழுந்தேன்.